முள்ளங்கி நாற்றம்

நவம்பர் பிறந்தால்
டொலீடோ நகரத்து இலைகளெல்லாம்
என் லாரிக்குள்தான் வரும்.
தெருவோரம் குவித்து வைப்பார்கள்,
பெருங்குழாய் உறிஞ்சிக்கொள்ளும்:
மேப்பிள், ஓக், யார் வீட்டுக் கையுறையோ,
எல்லாம் ஒரே வயிற்றில்.

வெர்லீன் ஸ்டப்ஸ் கைகாட்டி நிறுத்தினாள்.
"இங்கேயே கொட்டிவிட்டுப் போ."
சட்டப்படி கூடாது.
அவள் நின்றது வெற்று மனை,
பிடுங்கிய பல்லின் குழி மாதிரி
இரு பக்கமும் வீடுகள்,
நடுவே காற்று.

எனக்குத் தெரியும் அந்த இடம்.
இலை லாரிக்கு வருமுன்
நான் வீடு இடிக்கும் எந்திரம் ஓட்டியவன்.
நாற்பது நிமிடத்தில் முடிந்தது.
சமையலறைச் சுவரில் மஞ்சள் காகிதம்,
அதில் சேவல்கள்.
பிறகு சங்கிலிச் சக்கரத்தை
முன்னும் பின்னும் ஓட்டி
மண்ணை அமுக்கிவிட்டு வந்தேன்.
அப்படித்தான் ஆணை.

இதை அவளிடம் சொல்லவில்லை.
கொட்டினேன்.

கம்பிவலையை வட்டமாய் நட்டு
இலைகளை உள்ளே மிதித்தாள்.
மழையில்லாத வாரம் இரண்டு வாளி நீர்.
வேறொன்றும் செய்யவில்லை.
மக்கு என்றார்கள் எங்கள் ஆட்கள், அவளை.
மக்கட்டும் என்றாள் அவள், இலைகளை.
மேப்பிள் முந்தும், ஓக் பிந்தும்,
இரண்டு குளிர்காலம் கணக்கு.

மீதி மனையில் மண்வெட்டி இறங்கவில்லை.
மேலே ஏறி நின்று பார்த்தாள்,
ணங்கென்று திருப்பி அனுப்பியது தரை.
என் வேலை அவ்வளவு சுத்தம்.

அடுத்த ஆகஸ்ட் கடைசியில்
முள்ளங்கி விதைத்தாள், தின்பதற்கல்ல.
கூடவே ரை, கூடவே கிளோவர்.
"செங்கல்லை நான் பொறுக்குகிறேன்,
ஆழத்தை அது பார்த்துக்கொள்ளும்."
அக்டோபரில் முழங்கை நீளம்
வெள்ளை வெள்ளையாய் இறங்கியிருந்தன.
இறங்க முடியாதவை
தோளை உயர்த்திக்கொண்டு வெளியே நின்றன,
பேருந்து வராத நிறுத்தத்தில் நிற்பவர்கள் போல.

ஜனவரி அவற்றைக் கொன்றது.
மார்ச்சில் பனி உருகியதும்
தெரு முழுக்க நாற்றம்.
எதிர்வீட்டு டுவேன் கில்லியம்
கேஸ் கசிகிறதென்று போன் செய்ய,
தலைக்கவசத்தோடு வந்தான் ஒருவன்.
கருவியை நீட்டி நீட்டி மனையைச் சுற்றினான்.
கருவி வாய் திறக்கவில்லை.
கடைசியில் குனிந்து
அழுகிய ஒன்றை விரலால் தொட்டு
முகர்ந்து,
ஃபாரத்தில் என்ன எழுதட்டும் என்று கேட்டான்.
"முள்ளங்கி என்று எழுது."
அவள் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

அன்று எனக்கு வேலை இல்லை.
பிறகேன் அங்கே நின்றேன் என்று
அவள் கேட்கவுமில்லை.

அழுகியது போகத் தரையெங்கும் துளைகள்.
பனிநீர் குழம்பித் தேங்காமல்
அவற்றின் வழியே உள்ளே போனது,
நான் ஓட்டிய தடத்தின் மேலேயே
வரிசையாக.

மே மாதம் ரை இடுப்பளவு.
பூத்து, பால் பிடிக்குமுன்
அரிவாளால் சாய்த்து அப்படியே கிடத்தினாள்.
பிறகு கம்பிவலையைத் தூக்கினாள்.
நான் கொட்டிய உயரத்தில்
மூன்றில் ஒன்றுதான் இருக்கும்.
மேலே இன்னும் இலை.
அடியில் கறுப்பு, ஈரம், வெள்ளை நூலாய்ப் பூசணம்,
மழை விட்ட காட்டின் வாசனை.
நடுவில் அந்தக் கையுறை மட்டும்
ஒன்றும் ஆகாமல், சிவப்பாக.
நைலான்.

"கையை உள்ளே விடு" என்றாள்.
விட்டேன்.
குளிர்ந்திருந்தது.
மணிக்கட்டுவரை போயிற்று.

மண்வெட்டியை என்னிடம் தந்து
ஒரு முழம் அகலம் திறக்கச் சொன்னாள்.
செங்கல் தூள், கண்ணாடிச் சில்லு,
முள்ளங்கி போன வழியில் ஒரு புழு,
அதன் பக்கத்தில்
கட்டைவிரல் அகலத்தில் காகிதம்,
மஞ்சள்.
சேவல் கொண்டை போலவும் இருந்தது,
இல்லாதது போலவும்.

சட்டைப்பையில் போடப் போனேன்.

"நாற்பத்தொரு நிமிடம்" என்றாள் வெர்லீன்
நிமிராமல்,
தக்காளி நாற்றின் வேரைப் பிரித்தபடி.
"எதிர் நடைபாதையில் நின்று எண்ணினேன்.
அதையும் மண்ணிலேயே போடு.
கையுறையை வேண்டுமானால் எடுத்துக்கொள்."